வருகைக் கொப்பியில் எழுதிய பெயர்

அந்தச் சாப்பாட்டுப் பார்சல் கிண்ணியாவிலிருந்து வந்தது. அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து மேசையில் இருப்பவள் அதைப் பிரித்தபோது தேங்காய்ப்பூ ரொட்டியும் கணவாய்ப் பிரட்டலும் மணத்தன. கடைச் சாப்பாட்டில் வராத மணம். மிளகு தூக்கலாக இருந்தது. கறிவேப்பிலை கருகப் போகிற நேரம் பார்த்து இறக்கியிருக்க வேண்டும். ஒரு துண்டு கேட்டு வாங்கித் தின்றேன். பிறகு சமைத்தவளின் தொலைபேசி இலக்கத்தையும் கேட்டு வாங்கினேன்.

அவள் தன் வீட்டுக் குசினியில் சமைத்து, பார்சல்களைக் காலை பஸ்ஸில் டவுனுக்கு அனுப்புகிறவள். கடையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவைக்க வேண்டும். ஐந்தாறு கிழமை வாங்கிச் சாப்பிட்ட பிறகு ஒருநாள் அவளிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பார்சல் இல்ல. டவுனில உட்துறைமுக வீதியில ஒரு வீட்டில சமைக்கிறன். அங்க கீறின படமெல்லாம் வெச்சிருக்காங்க, கவிதை வாசிப்பாங்க. காலையில பத்து மணிக்கு வாங்களேன், அங்கேயே சாப்பிடலாம்."

அதை நான் மூன்று தரம் போட்டுக் கேட்டேன். ரொட்டிக்கு நாக்கு ஊறியது. கவிதை வாசிப்பார்கள் என்ற இடம் வந்ததும் ஒவ்வொரு தரமும் ஒலியைக் குறைத்தேன்.

ஆட்கள் கூடும் இடமென்றால் எனக்குக் கோயில், கல்யாண வீடு, செத்த வீடு மூன்றும்தான். அவற்றைவிட வேறெங்காவது பத்துப் பேர் சேர்ந்து நின்றால் மற்றப் பக்கத்தால் கடந்து போகிறவள் நான். என் கணவருக்குச் சீனன்குடாவில், எண்ணெய்த் தாங்கிகள் இருக்கிற பக்கம் வேலை. வாசலில் காவலுக்கு நிற்பவரிடம் தினமும் பாஸ் காட்டித்தான் உள்ளே போவார். என்னால் அந்தப் பாஸுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அவர் அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, நானாகவே போட்டுக்கொண்டது. முகநூலில் எதற்கும் விருப்பம் போடமாட்டேன். கடலைப் படம் எடுக்கமாட்டேன். கையெழுத்துக் கேட்டு யாராவது தாளோடு வந்தால், கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்பேன்.

இருந்தும் போனேன். மரக்கறி வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, எங்கள் ஊர்க் கப்பல்துறையில் பஸ் ஏறினேன்.

அந்த வீட்டு மதிலோரம், டவுனில் மாடுகளைப்போலத் திரிகிற மான்களில் இரண்டு வாழைத்தோலைத் தின்றுகொண்டு நின்றன. வீட்டோடு ஒட்டி ஒரு நீண்ட தகரக் கொட்டில். ஒரு காலத்தில் அதில் படகு என்ஜின் திருத்தினார்களாம். நிலத்தில் அந்த எண்ணெய்க் கறை இன்னும் கறுப்பாக இருந்தது. வீட்டுக்காரி ஓவியம் கீறுகிறவள், என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். தகப்பன் செத்தபின் கொட்டிலைக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, தன் படங்களைத் தொங்கவிட்டிருந்தாள். மாதாகோயில் பூசை முடிந்து, போன உடுப்போடேயே நின்றாள்.

கொட்டில் வாசலில் ஒரு சின்ன மேசை. மேசையில் நூலில் கட்டிய பேனையோடு ஒரு கொப்பி. அதில் பெயர், ஊர், தொலைபேசி என்று கோடு போட்டிருந்தது.

"ஒண்டுமில்லை, எத்தனை பேர் வருகினம் எண்டு பாக்கத்தான்" என்றாள் ஓவியக்காரி. யாரோ கூப்பிட்டதால் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பேனையை எடுத்தேன். எனக்குப் பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். எழுதாமல் போனால் ஏன் எழுதவில்லை என்று நினைப்பார்கள். எழுதினால் என் பெயர் அங்கே இருக்கும், நாளைக்கு யார் கண்ணிலும் படும். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வேறொரு பெயர் வந்தது. என்னோடு உயர்தரம் படித்தவளின் பெயர். வகுப்பில் அதே பெயரில் இன்னொருத்தி இருந்ததால் இவளுக்கு மட்டும் ஆசிரியை இரண்டு முதலெழுத்துப் போடுவார். அந்த இரண்டு முதலெழுத்தையும் போட்டு அவள் பெயரை எழுதினேன். ஊர் அன்புவழிபுரம் என்று எழுதினேன். நாங்கள் இரண்டு பேரும் வளர்ந்த இடம் அது. தொலைபேசிக்கு வாயில் வந்த இலக்கங்களைப் போட்டேன்.

அவள் இல்லாதவள் என்பதால்தான் அந்தப் பெயர் வந்ததோ தெரியாது. சண்டை நடந்த காலத்தில், பத்தொன்பது வயதில், தையல் வகுப்புக்கென்று சைக்கிளில் போனவள் திரும்பி வரவில்லை. சைக்கிளும் கிடைக்கவில்லை. இல்லாத ஒருத்தியை யார் வந்து என்ன கேட்கப் போகிறார்கள் என்று என் மனம் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

உள்ளே போனதும் எல்லாம் மறந்தது. சுவர் முழுக்க மனிதர்கள். டவுனில் நாங்கள் தினமும் காண்கிறவர்கள்தான். மீன் வெட்டுகிறவர், முச்சக்கரவண்டிக்காரர், ஆஸ்பத்திரி வாசலில் குந்தியிருக்கிற பெண். ஆனால் ஒருவருக்கும் முகம் இல்லை. எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"ஏன் முதுகு?" என்று கேட்டேன்.

"முகத்தைக் கீற ஒருத்தரும் விடேல்லை" என்றாள் ஓவியக்காரி. "பரவாயில்லை, திரும்பி இருங்கோ எண்டு சொன்னன். அப்ப சம்மதிச்சிட்டினம்."

மீன் வெட்டுகிறவரின் பிடரியில் ஒரு வெட்டுக்காயத் தழும்பு. அந்தப் பெண்ணின் சட்டையில் கொழுக்கி ஒன்று கழன்று ஊசி குத்தியிருந்தது. இருபது வருடம் அவர்களை நேருக்கு நேர் பார்த்த எனக்கு இவை தெரியாது. பிறகு ஒரு வங்கி ஊழியர் தான் எழுதிய கவிதையை வாசித்தார். குரல் நடுங்க வாசித்தார். எனக்கு அது பிடித்தது, பயப்படுகிறவர்கள் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று. கொட்டிலின் பின்பக்கம் கிண்ணியாப் பெண் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். குரலை வைத்து நான் நினைத்ததைவிட மிகவும் மெலிந்தவள். பிரட்டலை ரொட்டி மேல் வைத்துத் தந்துவிட்டு, சட்டியில் எருமைத் தயிரும் அதில் ஊற்ற இனிப்புப் பாணியும் இருப்பதாகக் கண்ணால் காட்டினாள். முன்பின் தெரியாத ஆட்களோடு நின்றுகொண்டு சாப்பிட்டு, கவிதை நல்லதா கூடாததா என்று கதைத்தேன். வீட்டுக்குப் போகும்போது மரக்கறி வாங்க மறந்துபோனேன்.

அடுத்த ஞாயிறும் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். இந்தத் தரங்களில் கொப்பி இருக்கிற வாசலால் போகவில்லை. பின்பக்கத்தால் போய், கிண்ணியாப் பெண்ணுக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்துவிட்டு, அப்படியே உள்ளே வந்துவிடுவேன். எல்லோருக்கும் நான் அக்கா. பெயரை யாரும் கேட்கவில்லை.

அந்த மூன்றாவது ஞாயிறு இரண்டு பேர் வந்தார்கள். நல்ல வெள்ளைச் சேர்ட், காலுக்குச் சப்பாத்து. மரியாதையாகப் படங்களைப் பார்த்தார்கள். ஒருவர் ஒவ்வொரு முதுகுக்கும் முன்னால் நின்று நிதானமாகப் பார்த்தார். பிறகு எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இது யாரு?" என்று மீன் வெட்டுகிறவரைக் காட்டிக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது" என்றேன். தட்டை மற்றக் கைக்கு மாற்றினேன். அதை அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

கவிதை வாசிக்க எழுந்தவள் தாளை மடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். அவர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு ரொட்டி சாப்பிட்டார்கள், நல்லாயிருக்கு என்றார்கள். போகும்போது வாசலில் நின்று, கொப்பியை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் தங்கள் தொலைபேசியில் படம் எடுத்தார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு பக்கங்கள் புரளும் சத்தத்தைக் கேட்டேன். எனக்கு முதலில் வந்த நினைப்பு, நல்ல வேளை என் பெயர் அதில் இல்லை என்பது. அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைத்தேன். அன்று பஸ்ஸில் வீட்டுக்கு ஒரு கெட்டிக்காரியைப்போல வந்தேன்.

அந்தக் கிழமை வியாழக்கிழமை கிண்ணியாப் பெண் அழைத்தாள்.

"அக்கா, அண்டைக்கு வந்தவங்க புலனாய்வாம். கொப்பியில பேர் எழுதின எல்லாருக்கும் கோல் வந்திச்சாம். ஏன் போனீங்க, ஆர் கூப்பிட்டது எண்டு கேட்டாங்களாம். உங்களுக்கும் வந்ததா?"

"இல்லை" என்றேன்.

"ஒரு நம்பர் மட்டும் வேலை செய்யல்லையாம். அந்தப் பேரைக் கிராம சேவகரிட்டக் கேட்டுப் பாத்திருக்காங்க. அது கனகாலத்துக்கு முந்திக் காணாமப் போன பிள்ளையாம், அக்கா. அந்தப் பிள்ளைட தாய்ர வீட்டுக்குப் போய், மகள் எப்ப திரும்பி வந்தவ, எங்க வெச்சிருக்கிறீங்க எண்டு கேட்டிருக்காங்க."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவள் ஹலோ ஹலோ என்றாள்.

"அந்தத் தாய் இப்ப என்ன செய்யுறா?" என்று கேட்டேன்.

"என்ன செய்யுற? மகள் உயிரோட இருக்கிறா எண்டு சொல்லிட்டுத் திரியுறாவாம்."

அன்றிலிருந்து ஞாயிறு வரை நான் நித்திரை கொள்ளவில்லை. கணவர் என்ன என்று கேட்டார். தலையிடி என்றேன். உள்ளதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். பொய்த் தகவல் கொடுத்தேன் என்று என்னைக் கூப்பிடுவார்கள். புருஷன் எங்கே வேலை என்று கேட்பார்கள். சீனன்குடா என்று சொல்ல வேண்டிவரும். பிறகு ஒரு காலை அவர் பாஸைக் காட்ட, வாசலில் நிற்பவர் அதைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். சொல்லாமல் விட்டால் ஒன்றும் நடக்காது. எனக்கு ஒன்றும் நடக்காது.

ஞாயிறு அந்தத் தாய் கொட்டிலுக்கு வந்துவிட்டார். நான் பின்பக்கம், வாசல் தெரிகிற இடத்தில், வெங்காயத்தோடு இருந்தேன். வழக்கமாக வருகிற முப்பது பேரில் பத்துப் பேர்தான் வந்திருந்தார்கள். அவர் வாசல் மேசைக்கு முன்னால் நின்றார். ஒல்லியாகி, முதுகு கூனிப்போயிருந்தார். நான் பள்ளிக்கூடம் விட்டு அவர்கள் வீட்டுக்குப் போனால் புட்டுக்குச் சீனி போட்டுத் தருகிறவர். என்னைப் பார்த்தார், அடையாளம் தெரியவில்லை. கையில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பி வைத்திருந்தார். அதை விரித்து, வருகைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். ஓவியக்காரி அவருக்கு ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். அவர் இருக்கவில்லை.

"இது அவளின்ரை எழுத்தில்லை" என்றார்.

எனக்கு மூச்சு வந்தது. அது அடுத்த சொல் வரைதான் இருந்தது.

"ஆனா ரெண்டு முதலெழுத்துப் போட்டிருக்கு. பள்ளிக்கூடத்தில மட்டும்தான் அவளுக்கு அப்பிடிப் போடுறது. அவளைத் தெரிஞ்ச ஆரோ எழுதியிருக்கினம். அவள் சொல்லி எழுதியிருக்கினம்." பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துக் கேட்டார். "பிள்ளையள், ஆர் எழுதினது? நான் ஆரிட்டையும் சொல்லமாட்டன். அவளை எங்கை கண்டனீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ. நான் தனியப் போய்ப் பாத்திட்டு வாறன்."

கிண்ணியாப் பெண் அடுப்பைக் குறைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தபோது நான் குனிந்து வெங்காயத் தோலைப் பொறுக்கினேன்.

அவர் போனபின் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பின்பக்கத்தால் வெளியே வந்து, கப்பல்துறை பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்ததும் போனது. முச்சக்கரவண்டி ஒன்றை மறித்து அன்புவழிபுரம் என்றேன். ஒரு இடத்தில் திருப்பச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதற்குள் ஒழுங்கை வந்துவிட்டது.

வாசல் கதவு திறந்து கிடந்தது. முற்றத்துக் கொடியில் தலையணை உறை, ஒரு பூப்போட்ட போர்வை, இரண்டும் தோய்த்துக் காயப்போட்டிருந்தன. அவர் விறாந்தைப் படியில் இருந்தார்.

"அம்மா, நான் உங்கடை மகளோடை படிச்சனான்" என்றேன். என் பெயரையும் அப்பாவின் பெயரையும் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்தது. எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீயே எழுதினது? நீயே? அவள் எங்கை பிள்ளை?"

"எனக்குத் தெரியாது அம்மா. நான் அவளைக் காணேல்லை. என்ரை பேரை எழுதப் பயமாயிருந்தது. அவளின்ரை பேரை எழுதிப்போட்டன்."

அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் சொல்ல வைத்தார். அந்த இரண்டாம் தரம் சொன்னதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கஷ்டமான வேலை. அவர் கை மெதுவாக என் கையை விட்டது. கொடியில் காய்ந்த போர்வையைப் பார்த்தார்.

"ஆறு நாள் நான் இந்தக் கதவைப் பூட்டேல்லை" என்றார். "அவளுக்கெண்டு புதுசா ஒரு பல்லு விளக்கிற பிரஷ் வாங்கி வைச்சனான்."

நான் காலில் விழப் போனேன். "வேண்டாம், எழும்பு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போனவர் சொல்வது போல இருந்தது. "போய் அவங்களிட்டைச் சொல்லு. இல்லாட்டி திரும்பத் திரும்ப வந்து, மகள் எங்கை எண்டு என்னைக் கேப்பாங்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க என்னால ஏலாது."

அன்றிரவு கணவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "போய்ச் சொல்லு" என்றார் கடைசியில். "வேறை என்ன செய்யிறது."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதலில் ஓவியக்காரியிடம் போனேன். அவள் கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீங்கள் பயந்ததுக்கு எனக்குக் கோவமில்லை. இஞ்சை பயப்பிடாத ஆர் இருக்கினம்?" என்றாள். "ஆனா உங்கடை பயத்தைக் கொண்டுபோய் இன்னொரு வீட்டு வாசலில வைச்சிட்டீங்கள். என்னையும் ரெண்டு தரம் கூப்பிட்டு, காணாமப் போன பெட்டையை ஏன் ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டு கேட்டவங்கள். தெரியுமோ உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டேன். அவள் செருப்பைப் போட்டாள். "வாங்கோ, நானும் வாறன். தனியப் போகாதேங்கோ."

புலனாய்வு அலுவலகத்தில் ஒரு மர வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்தோம். ஓவியக்காரி தன் கையை என் கைமேல் வைத்தாள். உள்ளே இருந்தவர், ரொட்டி நல்லாயிருக்கு என்று சொன்ன அதே ஆள். நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

"ஏன் வேற பேர் போட்டது?" என்று கேட்டார்.

"பயத்தில."

"எதுக்குப் பயம்?"

நான் அவரையே பார்த்தேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். பிறகு பேனையை எடுத்து, புருஷன் எங்கே வேலை என்று கேட்டார். சொன்னேன். அதையும் எழுதினார். கையெழுத்து வைக்கச் சொன்னார். என் சொந்தப் பெயரை, முழுதாக, வேலை செய்யும் இடத்துக்கு வெளியே நான் அப்படி எழுதியது அதுதான் முதல் தரம்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. நடக்கவில்லை என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அதை நாங்கள் ஒவ்வொரு நாளாகக் கடக்க வேண்டியிருந்தது. காலை ஏழரைக்குக் கணவர் வாசலைத் தாண்டியதும் எனக்கு ஒரு மிஸ்ட் கோல் தருவார். அது வரும்வரை நான் தேத்தண்ணீர் குடிக்கமாட்டேன். இப்போது எட்டு மாதமாகிறது. இன்னும் அந்தக் கோல் வருகிறது, இன்னும் நான் காத்திருக்கிறேன்.

கொட்டில் இரண்டு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு திறந்தார்கள். வங்கி ஊழியர் திரும்பி வரவில்லை. மேலிடத்தில் ஏதோ சொன்னார்களாம். கொப்பியை ஓவியக்காரி எடுத்துவிட்டாள். எண்ணிக்கை வேண்டுமென்றால் ரொட்டியை எண்ணுகிறேன் என்று சொல்லிச் சிரித்தாள். சந்தையடியிலிருந்து இரண்டு சிங்களப் பிள்ளைகள் வரத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் கீழே சிங்களத்தில் இரண்டு வரி எழுதி ஒட்டும் வேலையை, அலுவலகத்தில் சிங்களம் பழகிய எனக்குத் தந்திருக்கிறாள் ஓவியக்காரி. நான் முன்வாசலால்தான் போகிறேன். தெரியாத ஆள் உள்ளே வந்தால் கண் இப்போதும் பின்வாசலைத் தேடுகிறது. ஆனால் போகிறேன்.

அந்தத் தாயும் சில ஞாயிறுகளில் வருகிறார். ஓவியக்காரி போய்க் கூப்பிட்டாள். படங்களைப் பார்ப்பதில்லை. கிண்ணியாப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்து தயிர் சாப்பிடுவார். என்னோடு கதைப்பதில்லை. நானும் கிட்டப் போவதில்லை, அது அவருடைய விருப்பம்.

போன கிழமை சந்தையில் அவர் எனக்கு எதிரே வந்தார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். இரண்டு அடி கடந்து போனவர் நின்று, திரும்பாமலே கேட்டார்.

"இந்த ஞாயிறு இருக்கோ?"

"ஓம் அம்மா, இருக்கு."

"என்ன சமையலாம்?"

"நண்டு எண்டு சொன்னவ."

"ம்" என்று சொல்லிவிட்டு அவர் தேங்காய்க் கடைப் பக்கம் போனார்.